விளக்கும் முள்ளும்

உரைநடை – அறிவியல் தமிழ்

நுழையும் முன்

காரின் முகப்புப் பலகையில் சொட்டு வடியும் எண்ணெய்க் குவளை போன்ற சிறு படம் ஒன்று உண்டு. சாவியைத் திருப்பியதும் அது சிவப்பாக எரியும். எஞ்சின் ஓடத் தொடங்கியதும் அணைந்துவிடும். அந்த விளக்கு அணைந்திருக்கும் வரை எஞ்சின் நலமாக இருக்கிறது என்று கொள்ளலாமா? காரில் எண்ணெய் அழுத்தமானியையும் வெப்பமானியையும் தனியே வாங்கிப் பொருத்துவோர் இவ்வினாவை எழுப்பியவர்களே. அவர்கள் செய்யும் பணியை இப்பாடத்தில் படிப்போம்.

பாடம்

மாலை ஆறு மணிக்குப் பெங்களூருவின் ஈஜிபுரா சந்திப்பிலிருந்து கோரமங்கலாவின் சோனி வேர்ல்டு சந்திப்பை நோக்கிச் செல்லும் வாடகைக் கார் ஒன்றை மனத்தில் கொள்ளுங்கள். நடந்தே போய்விடக்கூடிய தொலைவுதான். ஆயினும் கார் பத்தடி நகரும், நிற்கும். மீண்டும் பத்தடி நகரும். இச்சாலையின் மேல் ஏறத்தாழ இரண்டரைக் கிலோமீட்டர் நீளத்திற்கு மேம்பாலம் கட்டும் பணி 2017இல் தொடங்கியது. இடையில் பணி தடைப்பட்டு, பழைய ஒப்பந்தம் 2022இல் நீக்கப்பட்டு, 2023இல் புதிய ஒப்பந்தத்தின் கீழ் மீண்டும் தொடங்கிற்று. அவ்வாண்டுகளில் தூண்களுக்கிடையே ஊர்ந்து சென்ற பயணிகளின் பொறுமை சோதிக்கப்பட்டதை அனைவரும் அறிவர். அவர்கள் அமர்ந்திருந்த வண்டிகளின் எஞ்சின்களும் சோதிக்கப்பட்டன என்பதைச் சிலரே எண்ணியிருப்பர்.

நெடுஞ்சாலையில் விரையும் காரைக் காட்டிலும் நெரிசலில் ஊரும் காரின் எஞ்சினே கடுமையான நிலையில் இருக்கிறது. விரையும்போது எதிர்க்காற்று ரேடியேட்டரின் வழியாகப் பாய்ந்து வெப்பத்தை எடுத்துச் செல்லும். நிற்கும்போது மின்விசிறி ஒன்றே துணை. எஞ்சினைச் சுற்றியுள்ள காற்று சூடேற, உள்ளே சுழலும் எண்ணெயும் சூடேறுகிறது. சூடேறிய எண்ணெய் நீர்த்துப்போகும். அதை உந்தித் தள்ளும் பம்போ எஞ்சினின் சுழற்சியாலேயே இயங்குவது. எஞ்சின் மெதுவாகச் சுழன்றால் பம்பும் மெதுவாகவே சுழலும். நீர்த்த எண்ணெயும் தளர்ந்த பம்பும் ஒருசேர அமையும் நேரம் அது. எண்ணெயின் அழுத்தம் மிகக் குறைவாக இருப்பதும் அப்போதுதான்.

'எண்ணெய்' என்னும் சொல்லைச் சற்றுப் பிரித்துப் பாருங்கள். எள் + நெய் என்பதே எண்ணெய் ஆயிற்று. எள்ளிலிருந்து எடுத்த நெய்க்கு வழங்கிய பெயர், தேங்காய் எண்ணெய், மண்ணெண்ணெய் எனப் பரந்து, இன்று நிலத்தடிக் கச்சா எண்ணெயிலிருந்து பிரித்தெடுக்கும் உயவு எண்ணெய்க்கும் பெயராகிவிட்டது. பணிமனைகளில் அதனை 'இன்ஜின் ஆயில்' என்பர். எள்ளுக்கும் அதற்கும் யாதொரு தொடர்பும் இல்லை. எனினும் சொல் தன் பிறப்பை மறக்கவில்லை.

இவ்வெண்ணெய் எஞ்சினின் அடியில் உள்ள 'சம்ப்' என்னும் தொட்டியில் தங்குகிறது. பம்பு அதனை ஒரு வலைவடிகட்டியின் வழியாக உறிஞ்சி, ஆயில் ஃபில்டருக்குள் செலுத்தி, அங்கிருந்து எஞ்சின் உடலில் குடையப்பட்ட சிறு வழிகளின் ஊடாகக் கிராங்க் ஷாஃப்ட்டின் பேரிங்குகளுக்கும் மேலே உள்ள கேம் ஷாஃப்ட்டுக்கும் அனுப்புகிறது. கிராங்க் ஷாஃப்ட் பேரிங்கின் மீது உரசிக்கொண்டு சுழல்வதாகப் பலர் நினைப்பர். நல்ல நிலையில் உள்ள எஞ்சினில் அவ்விரு உலோகங்களும் ஒன்றையொன்று தொடுவதே இல்லை. ஒரு மில்லிமீட்டரின் ஆயிரத்தில் சில பங்கு தடிப்புள்ள எண்ணெய்ப் படலத்தின் மேல் தண்டு மிதந்து சுழல்கிறது. படலத்தை இடைவிடாது நிரப்பித் தரும் வேலை அழுத்தத்தினுடையது. அழுத்தம் அறவே இழந்தால் படலம் கிழியும். உலோகம் உலோகத்தைத் தொடும். சில நிமிடங்களுக்குள் பேரிங்கு உருகிப் பற்றிக்கொள்ளும். 'எஞ்சின் சீஸ் ஆகிவிட்டது' என்று பணிமனையில் சொல்வது இதனையே. கடன் வாங்கிக் கார் ஓட்டும் ஒருவருக்கு அச்சொற்றொடர் பல மாத வருமானம் போயிற்று என்பதற்கு மறுபெயர்.

இனி விளக்கிற்கு வருவோம். சிவப்பு விளக்கை இயக்குவது எஞ்சினில் திருகப்பட்ட ஓர் அழுத்த ஸ்விட்ச். பொதுவாக அழுத்தம் 0.2 முதல் 0.5 பார் என்னும் அளவிற்குக் கீழே இறங்கினால்தான் அது விளக்கை எரியவிடும். நன்கு சூடேறிய எஞ்சின் வெறுமனே ஓடும்போது ஏறத்தாழ 1 பார் அழுத்தம் இருப்பதும், ஓட்டத்தில் 3 அல்லது 4 பார் இருப்பதும் பல கார்களில் இயல்பு. ஓட்டத்தில் 4 பார் காட்டவேண்டிய எஞ்சினில் 1 பார் மட்டுமே இருந்தாலும் விளக்கு எரியாது. நான்கில் மூன்று பங்கு நலம் போய்விட்டது. முகப்புப் பலகையோ அமைதியாக இருக்கிறது! விளக்கு பொய் சொல்லவில்லை. அதனிடம் இரண்டே சொற்கள் உள்ளன. மூன்றாவது சொல்லுக்கு அதனிடம் இடமில்லை.

முள் அப்படிப்பட்டதன்று. அழுத்தத்தை முள்ளால் காட்டும் கருவிக்கு 1849இல் பிரான்சு நாட்டுப் பொறியாளர் இயூஜின் பூர்தோன் காப்புரிமை பெற்றார். வளைத்த தட்டைக் குழாயினுள் அழுத்தம் செலுத்தினால் குழாய் சற்றே நிமிர முயலும். அந்தச் சிறு அசைவைப் பற்சக்கரங்கள் பெரிதாக்கி முள்ளைத் திருப்பும். குழந்தைகள் ஊதி விளையாடும், ஊதினால் நீளும் காகிதச் சுருள் ஊதலை நினைத்துக்கொண்டால் விளங்கிவிடும். நீராவிக் கொதிகலன்களில் புகழ் பெற்ற இம்முறை பின்னர் மோட்டார் வண்டிகளுக்கும் வந்தது. முகப்பு அளவிகள் செய்யும் தொழில் நம்மவர்க்கும் பழக்கமானதே. கோயம்புத்தூரை அடுத்த பெரியநாயக்கன்பாளையத்தில் 1970களில் தொடங்கப்பட்ட பிரிக்கால் நிறுவனம் இத்தொழிலில் பெயர் பெற்றது. ஈஜிபுராவிலிருந்து சிறிது தொலைவில் உள்ள ஆடுகோடியில் 1950களில் எழுந்த மைக்கோ தொழிற்சாலை, இன்றைய பாஷ் நிறுவனம், எஞ்சினுக்குத் தேவையான ஸ்பார்க் பிளக்கையும் எரிபொருள் செலுத்தும் பம்பையும் செய்தது. அந்தப் பகுதியில் ஒரு குடியிருப்புக்கே 'மைக்கோ லேஅவுட்' என்று பெயர் நிலைத்துவிட்டது.

அவ்வாறெனில் இன்றைய கார்களில் எண்ணெய் அழுத்தமானி ஏன் இல்லை? விளக்கு விலை குறைந்தது என்பது ஒரு காரணம். முள் ஏறி இறங்குவதைக் கண்டு அஞ்சி வாடிக்கையாளர் பணிமனைக்கு ஓடி வருவர் என்பது மற்றொன்று. இரண்டாவது காரணம் சில விந்தைகளுக்கு இடமளித்தது. மாஸ்டா நிறுவனத்தின் மியாட்டா காரில் முதலில் உண்மையான அழுத்தமானி இருந்தது. 1990களின் நடுவில், முள் அப்படியே இருக்க, அதை இயக்கும் கருவி மட்டும் வெறும் ஸ்விட்சாக மாற்றப்பட்டது. அழுத்தம் சிறிதளவு இருந்தாலே முள் நடுவில் வந்து அசையாமல் நிற்கும். அதாவது முள் வேடம் பூண்ட விளக்கு! எஞ்சின் வெப்பத்தைக் காட்டும் முள்ளும் பல கார்களில் இவ்வாறே பழக்கப்பட்டிருக்கிறது. குறிப்பிட்ட இடைவெளிக்குள் வெப்பம் எவ்வளவு ஏறி இறங்கினாலும் அது நடுக்கோட்டை விட்டு நகராது. இன்னும் பல சிறிய கார்களில் அந்த முள்ளும் நீக்கப்பட்டு, குளிர்ந்த நிலைக்கு நீல விளக்கும் கொதிநிலைக்குச் சிவப்பு விளக்கும் மட்டுமே எஞ்சியுள்ளன.

எனவே சிலர் உண்மை பேசும் மானிகளைத் தாமே வாங்கிப் பொருத்துகின்றனர். பெங்களூருவில் இத்தகைய பொருள்களுக்கும் கார் உதிரிபாகங்களுக்கும் ஜே.சி. சாலைக் கடைகள் பெயர் பெற்றவை. ஆனால் ஒன்றை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். பிழையாகப் பொருத்தப்பட்ட அழுத்தமானி, மானியே இல்லாத காரைவிட ஆபத்தானது. எஞ்சினின் உயிர்நாடியில் ஒரு துளையைத் திறந்து அதில் புதிய பொருளைத் திருகுகிறோம்; அங்கே கசிந்தால் எண்ணெய் முழுவதும் வெளியேறிவிடும். ஆகவே இப்பணியைத் தேர்ந்த மெக்கானிக் ஒருவரின் கையால் செய்விப்பதே முறை. மாணவர்கள் அருகிருந்து பார்க்கலாம்; கேள்வி கேட்கலாம்.

மானிகளில் இருவகை உண்டு. பழைய வகையில் ஒரு மெல்லிய குழாய் எஞ்சினிலிருந்து எண்ணெயையே ஓட்டுநரின் முன் உள்ள மானிக்குக் கொண்டுவரும். அளவு துல்லியமாக இருக்கும். எனினும் சூடான எண்ணெயை அழுத்தத்தோடு காருக்குள் அழைத்து வருவதை நான் ஏற்கமாட்டேன். குழாய் ஒருநாள் வெடித்தால் ஓட்டுநரின் கால்மேல் கொட்டுவது கொதிக்கும் எண்ணெய். இரண்டாவது வகையில் எஞ்சினில் ஓர் உணரி இருக்கும். பணிமனையில் அதனை 'சென்சார்' அல்லது 'சென்டர்' என்பர். அழுத்தத்திற்கேற்ப அதன் மின்தடை மாறும். கம்பி வழியே செய்தி மட்டும் காருக்குள் வரும், எண்ணெய் வராது. இவ்வகையில் உணரியும் மானியும் ஒன்றுக்கொன்று பொருந்தியவையாக இருத்தல் வேண்டும். ஒரு நிறுவனத்தின் மானியை மற்றொன்றின் உணரியோடு இணைத்தால் முள் அசையத்தான் செய்யும். காட்டும் எண் மட்டும் பிழையாக இருக்கும். அசையாத முள்ளைவிடப் பிழையாக அசையும் முள் கொடியது.

அடுத்தது மரை. ஸ்விட்ச் இருக்கும் துளையின் அளவை 'அரைக்கால் அங்குலம்' என்பர். அரைக்கால் என்பது எட்டில் ஒரு பங்கு. கால், அரைக்கால், மாகாணி என்று நம் முன்னோர் மனப்பாடம் செய்த பின்ன வாய்பாட்டின் சொல் இது. குழாய் அளவுகளில் அது பெயரளவே. உண்மையில் அம்மரையின் வெளிவிட்டம் ஏறத்தாழ 10 மில்லிமீட்டர். சிக்கல் வேறிடத்தில் உள்ளது. பிரிட்டிஷ் முறைக் குழாய் மரையில் ஓர் அங்குல நீளத்திற்கு 28 புரிகள். அமெரிக்க முறையில் 27. ஜப்பானிய வழிவந்த கார்களில் பெரும்பாலும் முன்னது இருக்கும். கடையில் கிடைக்கும் உணரிகள் பலவற்றில் பின்னது இருக்கும். வேறுபாடு ஒரே ஒரு புரிதான். இரண்டு மூன்று சுற்று வரை இரண்டும் பொருந்துவது போலவே தோன்றும். பிறகு இறுகும். இறுகுகிறதே என்று மேலும் முறுக்கினால் அலுமினிய உடலில் உள்ள மரை அழியும், அல்லது உடலே விரிசல் காணும். 'மரை கழன்றவன்' என்று ஒருவனை ஏசும் வழக்கைக் கேட்டிருப்பீர்கள். மரை கழன்ற எஞ்சினின் நிலையும் அதைவிட மேலானதன்று. எந்த மரை என்று புரியளவியால் அளந்து அறிந்து, அதற்குரிய இணைப்பியை வாங்கிய பின்பே கையை எஞ்சினில் வைத்தல் வேண்டும்.

எஞ்சின் முற்றும் குளிர்ந்த நிலையில் பணியைத் தொடங்குவர். முதலில் பேட்டரியின் எதிர்முனை கழற்றப்படும். பெரும்பாலான கார்களில் எண்ணெய் ஸ்விட்ச் ஆயில் ஃபில்டருக்கு அருகில் இருக்கும். அதைக் கழற்றி அவ்விடத்தில் 'டி' வடிவ இணைப்பி ஒன்றைத் திருகி, அதன் ஒரு கிளையில் பழைய ஸ்விட்சையும் மறு கிளையில் புதிய உணரியையும் பொருத்துவது வழக்கம். பழைய ஸ்விட்சை எறிந்துவிடக் கூடாது. ஓட்டுநரின் கண் எப்போதும் சாலையில் இருக்க வேண்டியது; முள்ளை அவர் பார்க்காத நொடியில் அழுத்தம் போனால் அவரை அழைப்பதற்குச் சிவப்பு விளக்கு வேண்டும். முள்ளை வரவேற்கும் ஆர்வத்தில் விளக்கை விரட்டுவது நன்றன்று.

இவ்விடத்தில்தான் பலர் தவறுகின்றனர். அழுத்த உணரி என்பது எடை மிகுந்த உருண்டை. பித்தளை இணைப்பியின் நுனியில் அதைத் தொங்கவிட்டால், எஞ்சினின் அதிர்வு ஒவ்வொரு நொடியும் பலமுறை அதை ஆட்டும். நாளடைவில் பித்தளை களைத்துப்போய் ஒருநாள் முறியும். ஒரே கம்பியை வளைத்து வளைத்து ஒடிப்பதைப் போன்றதே இது. முறிந்த துளை வழியே அழுத்தத்தோடு பீறிடும் எண்ணெய், அருகில் கனன்றுகொண்டிருக்கும் புகைபோக்கிக் குழாயின் மேல் தெறித்தால் தீப்பற்றவும் கூடும். எனவே இணைப்பியிலிருந்து எஃகு இழை பின்னிய வளைகுழாய் ஒன்றின் வழியே எண்ணெயைக் கொண்டுசென்று, உணரியைக் காரின் உடற்பகுதியில் தனியே இறுகப் பொருத்துவது சிறந்த முறை. ஒன்றைச் செய்தால் மற்றொன்றும் செய்ய வேண்டியிருக்கிறது. எஞ்சினில் நேரே திருகிய ஒற்றைக் கம்பி உணரி, தன் மரையின் வழியாகவே எஞ்சினோடு மின் இணைப்புப் பெற்றுக்கொள்ளும். மெக்கானிக்குகள் அதனை 'எர்த்' என்பர். தனியே பொருத்திய உணரிக்கோ எர்த் கம்பி ஒன்றைத் தனியாக இழுத்தல் வேண்டும். மரையைச் சுற்றிக் குழாய்க்காரர் பயன்படுத்தும் வெள்ளை டெஃப்லான் நாடாவைச் சுற்றுவதையும் தவிர்ப்பர். அது எர்த் இணைப்பைக் கெடுக்கலாம். கிழிந்த இழை எண்ணெய் வழிக்குள் புகுந்து அடைக்கவும் கூடும்.

'டி' இணைப்பிக்கு மாற்றாக, ஆயில் ஃபில்டருக்கும் எஞ்சினுக்கும் இடையே செருகும் தட்டு ஒன்றும் கிடைக்கிறது. அழுத்தம், வெப்பம் ஆகிய இரண்டு உணரிகளையும் அதிலேயே திருகலாம், வசதியானதுதான். ஆனால் தட்டின் தடிப்பளவு ஃபில்டர் வெளித்தள்ளி நிற்கும். ஃபில்டர் கீழ்நோக்கி அமைந்த காராயின் அது தரைக்கு நெருங்கி வந்துவிடும். நம் நகரத் தெருக்களின் வேகத்தடைகளை அறிந்தவர் இதை இருமுறை யோசிப்பர்.

வெப்பமானி எதன் வெப்பத்தைக் காட்டவேண்டும் என்பதையும் முடிவு செய்தல் வேண்டும். எண்ணெய்க்கு ஒரு வெப்பநிலை, ரேடியேட்டரில் சுழலும் கூலண்ட் நீர்மத்திற்கு ஒரு வெப்பநிலை. கூலண்ட் விரைவில் சூடாகி ஏறத்தாழ 80 முதல் 95 டிகிரி செல்சியஸில் நிலைகொள்ளும். எண்ணெய் மெதுவாகச் சூடேறி 90 முதல் 110 டிகிரி வரை செல்லும். காலையில் கூலண்டின் முள் நடுவிற்கு வந்ததும் எஞ்சின் ஆயத்தமாகிவிட்டது என்று எண்ணி விரட்டுவோர் உளர். அப்போது எண்ணெய் இன்னும் குளிர்ந்தே இருக்கும்.

கூலண்ட் வெப்ப உணரியை ரேடியேட்டரின் மேல் ரப்பர் குழாயை வெட்டி இடையில் அலுமினிய இணைப்பு வைத்துப் பொருத்துவர். இரு பக்கமும் ரப்பர் இருப்பதால் இதற்கும் தனி எர்த் தேவை. இன்னொரு நுட்பமும் உண்டு. எஞ்சின் சூடாகும் வரை தெர்மோஸ்டாட் என்னும் வால்வு, கூலண்டை இந்தக் குழாய்க்குள் விடாது. அதனால் முதல் சில நிமிடங்கள் முள் அசையாது கிடக்கும். மானி பழுது என்று திருப்பிக் கொடுக்கச் செல்ல வேண்டா. அச்சத்திற்குரியது வேறு. தெர்மோஸ்டாட் மூடியபடியே சிக்கிக்கொண்டால், எஞ்சின் உள்ளே கொதிக்கும். மேல்குழாயில் உள்ள முள்ளோ குளுமை என்று சொல்லும். கூலண்ட் முழுவதும் ஒழுகிவிட்டாலும் இதே நிலைதான். நீர்மத்தில் மூழ்கி இருக்க வேண்டிய உணரி வெறும் காற்றில் நிற்கும்போது உண்மையான வெப்பத்தை அது உணராது. ஆகவே காரோடு வந்த வெப்ப உணரியை நீக்காமல், புதியதைக் கூடுதலாகவே வைத்தல் வேண்டும்.

பெங்களூருவுக்கே உரிய ஒரு செய்தியையும் இங்குச் சேர்க்கலாம். இந்நகரம் கடல்மட்டத்திலிருந்து 900 மீட்டருக்கும் மேலான உயரத்தில் உள்ளது. திறந்த பாத்திரத்தில் நீர் இங்கே 100 டிகிரியில் அன்று, ஏறத்தாழ 97 டிகிரியிலேயே கொதிக்கும். ரேடியேட்டரின் மூடி உள்ளழுத்தத்தைக் காத்து வைப்பதால்தான் 110 டிகிரியிலும் கூலண்ட் கொதிக்காமல் இருக்கிறது. சூடான எஞ்சினின் மூடியைத் திறந்தால் அந்த அழுத்தம் நொடியில் போய்விடும். போனவுடன் நீர்மம் முழுவதும் ஒருங்கே கொதித்து முகத்தில் பீறிடும். எஞ்சின் ஆறும் முன் ரேடியேட்டர் மூடியைத் தொடாதே என்று பெரியவர்கள் அதட்டுவதன் காரணம் இதுவே.

காருக்குள் நடக்கும் வேலை எளிது. சாவி திருப்பினால் மட்டும் மின்சாரம் வரும் கம்பியிலிருந்து, 3 அல்லது 5 ஆம்பியர் ஃபியூஸ் வைத்து மானிக்கு மின்சாரம் கொடுப்பர். எஞ்சின் அறையிலிருந்து கம்பி உள்ளே வரும் துளையில் ரப்பர் வளையம் இல்லாவிட்டால் தகட்டின் விளிம்பு கம்பியின் உறையை அறுத்துவிடும். முன்கண்ணாடியின் பக்கத்தூணில் மானியை ஒட்டுவது அழகாக இருக்கிறது என்பர்; அத்தூணுக்குள் காற்றுப்பை உள்ள கார்களில் அவ்வாறு செய்யவே கூடாது. விபத்தில் பை விரியும்போது மானி எறிகுண்டாகிவிடும். உத்தரவாதக் காலம் முடியாத காராயின் கம்பிகளை வெட்டும் முன் விற்பனை நிலையத்தாரைக் கேட்டறிவது நலம்.

எல்லாம் முடிந்தபின் எண்ணெயின் அளவைச் சரிபார்த்து எஞ்சினை இயக்குவர். சில நொடிகளுக்குள் முள் எழ வேண்டும். எழாவிட்டால் காரணம் ஆராய்ந்துகொண்டிராமல் உடனே நிறுத்துதல் வேண்டும். முள் எழுந்தால் பத்து நிமிடம் ஓடவிட்டு, இணைப்புகள் ஒவ்வொன்றையும் வெள்ளைத் துணியால் ஒற்றிப் பார்ப்பர். துணியில் கறை படியாதிருத்தலே நற்சான்று. மறுநாளும், ஒரு வாரத்திற்குப் பின்னும் அந்தத் துணி மீண்டும் வேண்டும்.

இத்துணைப் பாடுபட்டுப் பொருத்திய மானியைப் பலர் முதல் வாரத்திற்குப் பின் பார்ப்பதே இல்லை. வாங்கியவர்களுள் பெரும்பாலோர்க்கு அது அணிகலனாகிவிடுகிறது. மானியின் பயன் ஒரு சிறு குறிப்பேட்டில்தான் தொடங்குகிறது. காலையில் குளிர்ந்த எஞ்சினில் அழுத்தம் எவ்வளவு, நெரிசலில் அரைமணி நேரம் ஊர்ந்தபின் எவ்வளவு, நிமிடத்திற்கு 2000 சுற்றில் எவ்வளவு, அப்போது எண்ணெயின் வெப்பம் என்ன, எண்ணெய் மாற்றி எத்தனை கிலோமீட்டர் ஆயிற்று என்று எழுதிவைத்தால், அந்தக் காரின் இயல்பு புலப்படும். குளிரில் 5 பார் காட்டும் முள் சூட்டில் 1 பாருக்கு இறங்குவது நோயன்று. எண்ணெய் நீர்ப்பதால் வரும் இயல்பு. போன மாதம் சூட்டில் 1.4 காட்டியது இம்மாதம் அதே வெப்பத்தில், அதே சுற்றில் 0.9 காட்டினால் அது செய்தி. எண்ணெய் குறைந்திருக்கலாம், எரிபொருள் கலந்து நீர்த்திருக்கலாம், வலைவடிகட்டி அடைபட்டிருக்கலாம், பேரிங்கு தேய்ந்து எண்ணெய் விரைந்து வழிந்தோடலாம். முதலாவது காரணத்தை அறிய ஆயில் அளவுக்கம்பியை உருவிப் பார்த்தால் போதும், காசு செலவில்லை. ஆகவே அங்கிருந்தே தேடத் தொடங்குவர். வளைவுகளில் திரும்பும்போது மட்டும் முள் துள்ளி விழுமானால் அதுவும் பெரும்பாலும் எண்ணெய் குறைவையே சுட்டும். எண்ணெய் ஒருபுறம் ஒதுங்க, பம்பு காற்றை உறிஞ்சுகிறது.

நாம் மனத்தில் கொண்ட வாடகைக் காருக்கு இப்போது திரும்புவோம். சோனி வேர்ல்டு சிக்னலில் நிற்கிறது. எண்ணெய் வெப்பம் 112, அழுத்தம் 0.9. சிக்னல் விழுந்து கார் நகர்ந்ததும் அழுத்தம் 2.5க்கு ஏறினால், ஓட்டுநர் வீட்டிற்குச் சென்று குறிப்பேட்டில் எழுதினால் போதும். நகர்ந்த பின்னும் முள் எழாமல் கிடந்தால், பின்னால் எத்தனை ஹார்ன்கள் அலறினாலும் காரை ஓரமாக நிறுத்தி எஞ்சினை அணைத்துவிட வேண்டும். அடுத்த பணிமனை இருநூறு மீட்டர் தொலைவில்தான் உள்ளது என்றாலும் ஓட்டிச் செல்லக் கூடாது, தள்ளிச் செல்லலாம்.

சொற்பொருள்

உயவு எண்ணெய் – உராய்வைக் குறைக்கும் எண்ணெய்; மரை – திருகில் அமைந்த சுருள் வெட்டு; புரி – மரையின் ஒரு சுற்று; உணரி – அழுத்தம், வெப்பம் முதலியவற்றை மின்குறியாக மாற்றும் கருவி; மானி – அளக்கும் கருவி; அரைக்கால் – எட்டில் ஒரு பங்கு; ஒருசேர – ஒரே வேளையில்.

பயிற்சி

1. 'விளக்கும் முள்ளும்' என்னும் தலைப்பில் 'விளக்கும்' என்ற சொல் பெயராகவும் வினையாகவும் பொருள்தருமாற்றை எடுத்துக்காட்டுடன் எழுதுக.

2. எள் + நெய் = எண்ணெய். இதேபோல் முள் + நுனி, மண் + எண்ணெய் ஆகியவற்றைச் சேர்த்து எழுதி, இரண்டிலும் நிகழ்ந்த மாற்றங்களை ஒப்பிடுக.

3. 'மானி' என முடியும் கருவிப் பெயர்கள் ஐந்தினைத் தொகுத்து, ஒவ்வொன்றும் எதனை அளக்கிறது எனக் குறிப்பிடுக.

4. புதிய மானியைப் பொருத்திய பின்னும் பழைய ஸ்விட்சை நீக்கக் கூடாது என ஆசிரியர் கூறுவது ஏன்? உங்கள் சொந்த நடையில் ஐந்து வரிகளில் எழுதுக.

5. உங்கள் பகுதியில் உள்ள பணிமனைக்குப் பெரியவர் ஒருவருடன் சென்று, மெக்கானிக்குகள் வழங்கும் தொழிற்சொற்கள் பத்தினைக் கேட்டு எழுதுக. அவற்றுள் தமிழ், கன்னடம், உருது, ஆங்கிலம் ஆகிய மொழிகளிலிருந்து வந்தவை எவையெனப் பிரித்துக் காட்டுக.

6. கற்பனைக் கார் ஒன்றின் குறிப்பேட்டில், எண்ணெய் வெப்பம் 105 டிகிரியில், எஞ்சின் வெறுமனே ஓடும்போது கண்ட அழுத்தம் மாதந்தோறும் இவ்வாறு பதிவாகியுள்ளது: சனவரி 1.4 பார், பிப்ரவரி 1.4, மார்ச் 1.3, ஏப்ரல் 1.0, மே 0.8. இந்த ஐந்து மாதங்களில் சிவப்பு விளக்கு எரிந்திருக்குமா? எந்த மாதத்தில் நீங்கள் பணிமனைக்குச் சென்றிருப்பீர்கள்? அங்கு முதலில் எதைப் பார்க்கச் சொல்வீர்கள்? காரணங்களுடன் விடை எழுதுக.